மருதமரத்து ஐயாவின் கனத்த குரல்

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. புலி இருந்ததால் ஓர் ஆபீசும் இருந்தது. புலி வருவதை மற்ற மிருகங்களுக்கு முன்கூட்டியே சொல்வதற்காக ஏற்பட்ட அந்த ஆபீசுக்கு எச்சரிக்கை இலாகா என்று பெயர். குளத்தங்கரையில் நல்ல நிழலாகப் பார்த்துத்தான் அமைத்திருந்தார்கள். இலாகா வந்த பிறகு புலிக்கு இரை குறைந்ததா என்று நீங்கள் கேட்கக் கூடாது. இலாகாக்களிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

இலாகாவின் தலைவர் கொம்பையா என்ற கடமான். கொம்பு இருந்தால்தான் தலைவராகலாம் என்பது அங்கே விதி. பெண் கடமானுக்குக் கொம்பு முளைக்காது. இதைப் பற்றி யாராவது கேட்டால் கொம்பையா கொஞ்சமும் கோபப்பட மாட்டார். “நாங்க என்ன வேண்டாம்னா சொன்னோம்? முளைச்சதும் வரட்டும்” என்பார்.

அந்த இலாகாவில் செவந்தி என்ற ஆட்காட்டிக் குருவி வேலை பார்த்தாள். காலில் மஞ்சள், கண்ணோரம் சிவப்பு. பார்க்க மங்களகரமாக இருக்கிறாள் என்றுதான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அதே மஞ்சளும் அதே சிவப்பும் அவள் புருஷன் பொன்னுரங்கத்துக்கும் உண்டு. அவனை யாரும் மங்களகரம் என்று சொன்னதில்லை.

செவந்தியின் வேலை, புலியைப் பார்த்தால் கத்துவது. கத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கோரைப்புல் அசைகிற தினுசை வைத்தே காற்றா, பன்றியா, புலியா என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவள் கத்தினால் ஒருவரும் நகர மாட்டார்கள். காரணம், அந்தக் காட்டின் வழக்கம். மெல்லிய குரல் எதைச் சொன்னாலும் அது வெறும் சத்தம். கனத்த குரல் ஒன்று அதையே திருப்பிச் சொன்னால்தான் அது சேதி.

அன்று காலையும் அப்படித்தான் நடந்தது. மான்களும் பன்றிகளும் குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. கோரையில் மஞ்சளும் கறுப்புமாக ஒன்று ஊர்ந்தது.

“புலி! புலி! புலி!” என்று செவந்தி கத்தினாள்.

ஒரு மான் தலையைத் தூக்கி, “செவந்தியா? காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டா” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தது. ஒரு பன்றி, “வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா இருக்கும், பாவம்” என்றது.

மரத்தின் மேல் வாலகுரு என்ற கருங்குரங்கு அரைத்தூக்கத்தில் சொறிந்துகொண்டிருந்தார். அவருக்கும் இலாகாவில்தான் வேலை. செவந்தி மூன்றாவது முறை கத்தியபோதுதான் அவருக்குத் தூக்கம் கலைந்தது. கீழே எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “புலி!” என்று ஒரே ஒரு தரம் அதட்டினார்.

அவ்வளவுதான். காடே கிளம்பியது. ஆனால் அதற்குள் புலி பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. முதல் குரலுக்கே நகர்ந்திருந்தால் நடந்தே போயிருக்கலாம். இப்போது விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். ஓடிய வழியில், கூழாங்கற்களுக்கு நடுவில், செவந்தியின் நான்கு முட்டைகள் இருந்தன. ஆட்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில்தான் முட்டை வைக்கும். இருபது பன்றிகள் அவற்றின் மேல் போயின.

புலி ஒரு பன்றிக்குட்டியோடு திரும்பியது. அது பெண்புலி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் காட்டில் எல்லாரும் ‘வந்தான், அடிச்சான், போயிட்டான்’ என்றுதான் பேசுவார்கள். அவ்வளவு திறமையாக வேட்டையாடுவது பொம்பளையாக இருக்க முடியாதல்லவா?

செவந்தி வந்து பார்த்தபோது கூழாங்கற்களில் மஞ்சள் கரு காய்ந்துகொண்டிருந்தது. அவள் அழுதாள். அதற்குள் ஆபீசில் கைதட்டல் கேட்டது. வாலகுருவுக்குப் பாராட்டுக் கூட்டம். “என்னா குரல்! என்னா முன்யோசனை!” என்று கொம்பையா உருகிக்கொண்டிருந்தார். செவந்தி வாயைத் திறப்பதற்குள், “அம்மா, வந்தது வந்தீங்க, அந்த இலந்தைப்பழத் தட்டை எல்லாருக்கும் ஒரு சுத்து குடுத்துருங்க” என்றார்.

செவந்தி பழம் கொடுத்தாள். கொடுத்து முடித்ததும் இரண்டு விஷயங்களைத் தீர்மானித்தாள். ஒன்று, அடுத்த முட்டைகளைக் குளத்தங்கரையில் வைப்பதில்லை. காவல் பாறை மேல்தான் வைக்க வேண்டும். பன்றி ஏறாத உயரம் அது. இரண்டு, அந்தப் பாறையில் குடியிருக்கும் உரிமை தலைமைக் காவலருக்கு மட்டும்தான் என்பதால், தலைமைக் காவலராகிவிட வேண்டும். அந்தப் பதவி அப்போது காலியாக இருந்தது. ஏற்கனவே இருந்தவரைப் புலி கொண்டுபோய்விட்டது. அவரும் கனத்த குரல்காரர்தான்.

நேர்காணலுக்கு இரண்டு பேர் போனார்கள். செவந்தி ஒன்று, வாலகுரு இன்னொன்று.

“முட்டை வைக்கிற உத்தேசம் ஏதாச்சும் உண்டா?” என்பதுதான் கொம்பையா செவந்தியிடம் கேட்ட முதல் கேள்வி.

“உண்டு சார்.”

“அப்ப குடும்பப் பொறுப்பு இருக்கு. பதவி வேற எதுக்கும்மா, பாரமா இருக்குமே?”

“வாலகுரு சாருக்கு நாலு சம்சாரம், பதினோரு குட்டி சார்.”

“அதேதான் நானும் சொல்றேன். அவருக்குக் குடும்பப் பொறுப்பு இருக்கு. அதனால பதவி அவசியம் வேணும்.”

இந்த நியாயத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஓட்டை தெரியவில்லை. வாலகுரு காவல் பாறையில் ஏறி உட்கார்ந்தார். செவந்தி பாறைக்குக் கீழே நின்று, பார்த்ததை அவரிடம் சொல்ல வேண்டும். அவர் யோசித்து, அதட்ட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். அந்த நேரத்தில் லேசாகக் குறட்டை வரும்.

செவந்தி சும்மா இருக்கவில்லை. பெண்கள் குறைகேட்புக் குழுவிடம் போனாள். அந்தக் குழுவுக்கு ஒரு பெண்தான் தலைமை தாங்க வேண்டும் என்று விதி. அதற்கு மயில்வாகனன் என்ற ஆண்மயிலை நியமித்திருந்தார்கள். “மயில்னாலே பொம்பளைதானே? எம்புட்டு அழகு!” என்று கொம்பையா சொல்லியிருந்தார். மயில்வாகனனும் மறுக்கவில்லை. குழுத் தலைவருக்குத் தினமும் ஒரு கொத்துத் தினை தனியாக உண்டு. அவன் மனைவி மண் நிறத்தில், தோகை இல்லாமல், தினமும் அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள். அவளை மயில் என்றே அங்கே யாருக்கும் தெரியாது.

மயில்வாகனன் தோகையை ஒதுக்கி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான்.

“நீங்க புலின்னு சொன்னது சரிதாம்மா. தப்பே இல்ல. ஆனா சொன்ன விதம்னு ஒண்ணு இருக்கு பாருங்க. மூஞ்சில ஒரு சிரிப்பு இல்ல.”

“புலி வர்றப்ப எப்படி சார் சிரிக்கிறது?”

“பாத்தீங்களா? இப்பக்கூட எப்படிக் கேக்குறீங்க பாருங்க. நாமெல்லாம் பொம்பளைங்க. நாமதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்.”

செவந்தி அவன் முகத்தில் மீசையைத் தேடினாள். மயிலுக்கு மீசை கிடையாது. இருந்திருந்தால் அன்றைக்குப் பிடித்து இழுத்திருப்பாள்.

இதற்கிடையில் மகளிர் தினம் வந்தது. பெண் ஊழியர்கள் எல்லாரும் ஒரே நிற இறகில் வர வேண்டும் என்று சொன்னார்கள். கோலப்போட்டி வைத்தார்கள். ஆளுக்கொரு செம்பருத்தி கொடுத்தார்கள். ‘பெண்மையைப் போற்றுவோம்’ என்று கொம்பையா மதியம் வரை பேசினார். அவர் பேசிக்கொண்டிருக்கையில் புலி வந்தது. செவந்தி கத்தினாள். “இன்னைக்காச்சும் கொஞ்சம் சந்தோஷமா இரும்மா” என்றார்கள். ஒரு முயல் போயிற்று.

பிறகு கோடைமழை ஒன்று பெய்தது. நனையாமலிருக்க செவந்தி ஓடிப் புகுந்த இடம் குளத்தங்கரையோரம் ஒரு மருதமரக் கட்டை. எப்போதோ விழுந்து, கரையான் தின்று, உள்ளே முழுக்க உளுத்துப்போய், இருபக்கமும் வாய் திறந்து கிடந்தது. பெயருக்கு ஓர் ஒடிந்த கிளை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மழை விட்டதும் பொன்னுரங்கம் அவளைத் தேடிக்கொண்டு வந்தான்.

“செவந்தி! எங்க இருக்க?”

“இங்கதான் இருக்கேன்” என்று உள்ளேயிருந்து செவந்தி பதில் கொடுத்தாள்.

கட்டைக்குள் புகுந்து புறப்பட்ட அந்தக் குரல், அண்டாவுக்குள் பேசியது போலக் கனத்து முழங்கியது. பொன்னுரங்கம் விறைத்து நின்றான். இறக்கையை ஒடுக்கிக்கொண்டான்.

“வணக்கம் சார். நீங்க இருக்கீங்கன்னு தெரியாமப் போச்சு. எம் பொண்டாட்டி இந்தப் பக்கம் வந்தாளா சார்?” என்றான்.

கட்டின புருஷனே இப்படி என்றால் கொம்பையா எம்மாத்திரம்? செவந்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து ஆத்திரம் வந்தது. கடைசியில் யோசனை வந்தது.

அடுத்த தடவை கோரை அசைந்தபோது அவள் வெளியே நின்று கத்தவில்லை. கட்டையின் பின்வாய் வழியாகப் புகுந்து, “புலி வருது. பதறாம வடக்கால நடங்க” என்றாள். மான்கள் நடந்தன. பன்றிகள் வரிசையில் போயின. புலி வந்து பார்த்தபோது குளத்தங்கரையில் ஈ காக்கை இல்லை. வந்ததற்குத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிற்று.

“யாருப்பா அது? என்னா நிதானம்! என்னா தெளிவு!” என்று காடெல்லாம் ஒரே பேச்சு. அவரைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. அதனால் மதிப்பு இன்னும் கூடியது. மருதமரத்து ஐயா என்று பெயர் வைத்தார்கள். ஐயா பெரிய படிப்பு படித்தவர் என்றது ஒரு மான். ஐயா ஆறடி இருப்பார் என்றது ஒரு பன்றி. தன் சித்தப்பா பார்த்திருப்பதாகவும் சொன்னது. அடுத்த மாதமே வாலகுருவை ஆலோசகராக்கிவிட்டு ஐயாவைத் தலைமைக் காவலராக்கினார்கள். ஐயா மனுவே போடவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே கொடுத்தார்கள்.

கொம்பையா கட்டைக்கு முன்னால் வந்து கும்பிட்டு, “ஐயா பாறைக்கு எழுந்தருளணும்” என்றார்.

“எனக்கு இந்த இருட்டே போதும். பாறையில என் உதவியாளர் செவந்தி இருக்கட்டும்” என்றது கட்டை.

“என்னா எளிமை!” என்று கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்படியாக, இல்லாத ஓர் ஆணின் உதவியாளராகச் செவந்தி காவல் பாறைக்குக் குடிபோனாள். பாறையின் மேல் ஒரு குழிவில் நான்கு முட்டைகள் வைத்தாள். பொன்னுரங்கமும் முறை வைத்து அடைகாத்தான். அவன் உட்கார்ந்தபோதெல்லாம் போகிற வருகிறவர்கள் நின்று, “இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்” என்றார்கள். அவள் உட்கார்ந்தபோது, “ஆபீஸ் நேரத்துல என்ன இது?” என்றார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆனால் கொம்பையாவுக்குப் பாராட்டு விழா நடத்தாமல் இருக்க முடியாது. அது அவருக்கு ஒரு வியாதி. ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவாயிற்று. கட்டையின் முன்னால் கொடிகளால் பெரிய தோரணம் கட்டினார்கள். காடு மொத்தமும் கட்டையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. பின்வாய்ப் பக்கம்கூட நான்கு பன்றிகள் முன்கூட்டியே இடம் பிடித்துவிட்டன.

விழா அன்று பாறையில் முட்டைகளுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்கே குஞ்சு வந்துவிடும். செவந்தி தலையைத் தூக்கினாள். கோரை அசைந்தது.

அவள் கீழே பார்த்தாள். யார் கண்ணிலும் படாமல் கட்டைக்குள் போக வழியில்லை. அதனால் பாறையில் நின்றபடியே, தன் சொந்தக் குரலில், “புலி!” என்று கத்தினாள். உள்ளூர அவளுக்கு ஓர் ஆசையும் இருந்தது. இத்தனை நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் குரலுக்கு இந்தக் காடு நகர வேண்டும்.

“ஷ்! தலைவர் பேசுறாருல்ல?” என்றார் ஆலோசகர் வாலகுரு.

“புலி சார்! கோரையில இருக்கு!”

மயில்வாகனன் முன்வரிசையிலிருந்து திரும்பி, “அம்மா, சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க” என்று சைகை காட்டினான்.

செவந்தி சிரித்தாள். அலகை வைத்துக்கொண்டு எவ்வளவு சிரிக்க முடியுமோ அவ்வளவு சிரித்தாள். “புலி வருதுங்க” என்று இனிமையாகச் சொன்னாள்.

“சிரிச்சுக்கிட்டு சொல்றா பாரு. வேலைன்னா விளையாட்டா இவளுக்கு?” என்றார் வாலகுரு.

“ஐயாவையே கேட்டுருவோம்” என்று கொம்பையா கட்டையின் பக்கம் குனிந்தார். “ஐயா, புலி வருதுன்னு இந்தம்மா சொல்லுது. உண்மைங்களா?”

கட்டை பேசவில்லை.

“ஐயாவே ஒண்ணும் சொல்லல. அப்ப புலி இல்ல” என்று கொம்பையா பொன்னாடையை விரித்தார்.

செவந்திக்குப் பொறுமை போயிற்று. வேஷம் கலைந்தால் கலையட்டும் என்று பறந்து இறங்கினாள். அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால், கொம்பையாவின் மூக்குக்குக் கீழே, கட்டையின் முன்வாய் வழியாகவே நடந்து உள்ளே போனாள்.

“புலி வருது! எந்திரிச்சு ஓடுங்க, மடப்பயலுகளா!” என்றது கட்டை.

“ஐயா சொல்லிட்டாரு!” என்று காடு எழுந்து ஓடியது. கொம்பையாவும் ஓடத்தான் பார்த்தார். ஆனால் தோரணத்தில் கொம்பு சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. புலி நிதானமாக வந்து, பொன்னாடையோடு சேர்த்து அவரைக் கொண்டுபோயிற்று.

புலி போன பிறகு எல்லாரும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். செவந்தி கட்டையிலிருந்து வெளியே வந்தாள்.

“நல்லாக் கேட்டுக்கங்க. ஐயான்னு யாரும் இல்ல. இத்தனை நாளும் பேசினது நான். நான் முதல்ல சொன்னப்பவே ஓடியிருந்தா அந்த மனுசன் உயிரோட இருந்திருப்பாரு” என்றாள்.

காடு அவளையே பார்த்தது. வாலகுரு கட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

“உள்ள யாரையும் காணோம்” என்றார்.

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

“ஐயாவை என்னடி பண்ணின?”

அதற்குப் பிறகு அவள் பேச்சு எடுபடவில்லை. “கூட இருந்தே குழி பறிச்சுட்டாளே”, “மேல இருக்கிறவங்களைக் கவுத்துத்தானே இதுங்க மேல வருது” என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மயில்வாகனன், ஒரு பெண்ணாகத் தனக்கே வெட்கமாக இருக்கிறது என்றான். பொன்னுரங்கம் அவள் காதோரம், “ஐயா எங்க இருக்காருன்னு சொல்லிரு செவந்தி, பெரிய இடம்” என்றான். ஐயா கிடைக்கும் வரை செவந்தியைப் பாறையிலிருந்து இறக்கி, முட்டைகளைக் கூழாங்கல் திடலுக்கு மாற்ற வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. இரண்டு பன்றிகள் ஆர்வமாகப் பாறையை நோக்கிக் கிளம்பின.

மேலே கீச்சுச் சத்தம் கேட்டது. முதல் ஓடு விரிசல் விட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லியாயிற்று; அதை வைத்து ஒரு முட்டையைக்கூடக் காப்பாற்ற முடியாது என்றும் தெரிந்துபோயிற்று. செவந்தி திரும்பி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மறுபடி கட்டைக்குள் போனாள்.

“நான் இங்கதான் இருக்கேன். கொஞ்சம் கண்ணசந்துட்டேன்” என்றது கட்டை.

காடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பன்றிகள் பாதிவழியில் நின்றன.

“அந்தப் பொண்ணை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. இனிமே செவந்தி புலின்னு சொன்னா, அப்பவே கிளம்பிடணும். வேற யாரையும் கேக்க வேண்டியதில்ல.”

வாலகுரு முதலில் கைதட்டினார். “எவ்வளவு முற்போக்கு! பொம்பளை சொல்லைக் கேக்கணும்னு இதுவரைக்கும் யாராச்சும் சொல்லியிருக்காங்களா?” என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கொம்பையாவின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். பேசி முடித்து, அன்று மாலையே ஈடு செய்தார்கள். மருதமரத்து ஐயா இலாகாத் தலைவரானார். கொம்பு வேண்டும் என்ற விதிக்கு அந்த ஒடிந்த கிளையைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது செவந்தி பாறையில் நின்று ஒரு தடவை கத்தினால் போதும், காடு வரிசையில் நடந்துவிடுகிறது. அவள் பார்த்துச் சொன்னாள் என்பதற்காக இல்லை, ஐயா சொல்லியிருக்கிறார் என்பதற்காக. அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆனால் பாறையில் நான்கு குஞ்சுகள் மஞ்சள் காலோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

அடுத்த மகளிர் தினத்தில், பெண் முன்னேற்றத்துக்குப் பாடுபட்டதற்காக அந்தக் கட்டைக்கு விருது கொடுத்தார்கள். பூத்தட்டை ஏந்தி நின்றது செவந்தி. மயில்வாகனன் அவளைப் பார்த்து, கொஞ்சம் சிரிக்கச் சொன்னான்.

நீதி: ஏழை சொல்தான் அம்பலம் ஏறாது. பெண் சொல் தாராளமாக ஏறும். உளுத்த கட்டையாகப் பார்த்து ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.